எல்லை ஊருக்கு ஏது வந்தேறி?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கமோ பழைய பஸ் ஸ்டாண்டு பக்கமோ போனால் கால் வைக்க இடம் இருக்காது. சனிக்கிழமை சம்பளம் வாங்கின கூட்டம் அன்றைக்குத்தான் வெளியே வரும். இந்தி, போஜ்புரி, ஒடியா, வங்காளி, அசாமி எல்லாம் கலந்து காதில் விழும். அதைப் பார்த்துவிட்டு உள்ளூர்ப் பெரியவர் ஒருத்தர் "ஊரே அவனுக ஊராப் போச்சுங்க" என்பார். பக்கத்தில் நிற்பவர் தலையாட்டுவார். வெறும் புலம்பல் என்றால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. வயசானவர்கள் எந்த ஊரிலும் இதைத்தான் சொல்வார்கள்.

புலம்பல் கொள்கையாக மாறும்போதுதான் பிரச்சினை. "வந்தேறிகள்", "மண்ணின் மைந்தர்கள்", "கொங்கு மண் கொங்குக்காரனுக்கே" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதைப் பேசுகிறவர்கள் வரலாறு தெரிந்தவர்கள் மாதிரிதான் பேசுகிறார்கள். ஆதிகாலத்தில் இருந்து ஒரே இனம், ஒரே மொழி, கலப்படம் இல்லாத பூமி, நேற்று ரயிலேறி வந்தவர்கள் வந்து கெடுத்துவிட்டார்கள் என்பதுதான் கதை.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. உண்மை இல்லை என்பது ஒன்றுதான் குறை :-)

கொங்கு நாடு ஒரு எல்லைப் பகுதி. எல்லைப் பகுதிகளில் கலப்பு இல்லாத காலமே கிடையாது. "வந்தேறி" என்கிற சொல் வரலாற்றில் இருந்து வரவில்லை. கூலிக் கணக்கில் இருந்து வருகிறது. அந்தச் சொல்லால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். முதலில் மேப்பை விரிக்கலாம்.

மலையில் ஒரு கதவு

மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையில் இருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரு நீளச் சுவர். அந்தச் சுவரில் இருக்கிற பெரிய உடைப்பு பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தட்டையான வழி. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் வரிசையாகக் காற்றாலை நிற்பதற்கும் அதுதான் காரணம். காற்று வருகிற வழியில் மனுசன் வரமாட்டானா?

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயமுத்தூர், சூலூர், திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது நொய்யல். இன்றைக்குச் சாயத்தண்ணிக்குப் பேர் போன இந்த ஆறுதான் இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னால் இங்கே வியாபாரப் பாதை. மேற்குக் கடற்கரையில் முசிறித் துறைமுகம், கிழக்கே கரூர், இடையில் இந்தக் கணவாயும் நொய்யல் கரையும். கோயமுத்தூர் வட்டாரத்தில் ரோமானியக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்தது சும்மா இல்லை.

நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். 1980-களில் இருந்து அங்கே பல முறை அகழாய்வு நடந்திருக்கிறது. இரும்பு உருக்கிய உலைகள், மணி செய்த பட்டறைகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. அந்த ஓடுகளில் தமிழ்ப் பேர்களோடு பிராகிருத வாடை அடிக்கும் பேர்களும் இருக்கின்றன. அங்கே மணியாகக் கடைந்த கல்லில் பச்சைக்கல் பக்கத்துப் படியூர்க் கல். சூதுபவளமோ குஜராத் பக்கத்தில் இருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். வடக்கில் இருந்து கச்சாப்பொருள், இங்கே வேலைப்பாடு, மேற்கே ஏற்றுமதி. திருப்பூர் இன்றைக்குச் செய்வதும் கிட்டத்தட்ட அதேதான். அந்தப் பட்டறைத் தெருவில் அன்றைக்கு எத்தனை பாஷை கேட்டிருக்குமோ!

ஆண்டவர்கள் லிஸ்ட்

ஆதிகாலத்தில் இருந்து ஒரே ராஜ்ஜியம் என்பவர்கள் லிஸ்ட்டை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். கங்கர்கள் இன்றைய கர்நாடகத்தில் இருந்து வந்தவர்கள். சோழர்கள் காவிரிக் கீழ்க்கரையில் இருந்து. கொங்குச் சோழர்கள் என்று ஒரு கிளை இங்கேயே தங்கியது. ஹொய்சாளர்கள் மறுபடி வடக்கே இருந்து. பாண்டியர்கள் தெற்கே இருந்து. அப்புறம் விஜயநகரம், மதுரை நாயக்கர்கள், மைசூர் உடையார்கள், ஹைதர் அலி, திப்பு சுல்தான். 1799-ல் திப்பு விழுந்த பிறகு கம்பெனி வெள்ளைக்காரன். அவனை எதிர்த்து நின்ற தீரன் சின்னமலையை 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள்.

ஒவ்வொரு ஆட்சியோடும் ஆள் வந்தது. சிப்பாய் வந்தான், கணக்கெழுதுபவன் வந்தான், தறியோடு நெசவாளி வந்தான், கரிசல் காடு தேடி விவசாயி வந்தான், செருப்புத் தைக்கிறவனும் தோல் பதனிடுகிறவனும் வந்தார்கள். வந்தவர்களில் திரும்பிப் போனவர்கள் குறைவு. கொங்கு என்று இன்றைக்குச் சொல்லுகிற சமூகம் இந்த வரவுகளால் ஆனது. வரவு எல்லாம் கழித்துவிட்டு மிச்சம் பார்த்தால் காடும் மலையும்தான் தேறும். அங்கேயும் ஆனைமலையில் காடர், மலசர், முதுவர், புலையர் என்று பழங்குடிகள் இருக்கிறார்கள். "மண்ணின் மைந்தர்" பட்டத்துக்கு நியாயமாகப் போட்டி போடக்கூடியவர்கள் அவர்கள்தான். மேடையில் மைந்தர் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் அவர்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டதாகத் தெரியவில்லை.

கோடு 1956-ல் போட்டது

அடுத்த பம்மாத்து, எல்லை. வாளையார் செக்போஸ்ட்டைப் பார்த்தால் ஏதோ சேரன் காலத்தில் இருந்தே அங்கே கேட் போட்டு நின்ற மாதிரித் தோன்றும். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் அங்கே மாநில எல்லையே இல்லை. பாலக்காடு மலபார் ஜில்லா, இந்தப் பக்கம் கோயமுத்தூர் ஜில்லா, இரண்டுமே சென்னை மாகாணம். வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருக்கும் சித்தூர் மட்டும் கொச்சி சமஸ்தானம்.

மொழிவாரியாகப் பிரித்தபோது மலபார் கேரளாவுக்குப் போனது. கோயமுத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் தாலுகா மைசூருக்குப் போனது. மலை மேல் தாளவாடி இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அங்கே வீட்டுக்கு வீடு இன்றைக்கும் கன்னடம்தான். கன்னட சினிமாவின் சூப்பர் ஸ்டாரான ராஜ்குமார் பிறந்தது அங்கே இருக்கும் காஜனூரில். 2000-ல் வீரப்பன் அவரைக் கடத்தியதும் அந்த ஊரில் இருந்துதான். கடத்தின பிறகுதான் பல பேருக்கு அந்த ஊர் தமிழ்நாட்டில் இருப்பதே தெரிந்தது.

மாநிலக் கோடுதான் இப்படி என்றால் மாவட்டக் கோடு இன்னும் கூத்து. 1868-ல் நீலகிரி தனியாகப் போனது. 1910-ல் கரூர் திருச்சியோடு சேர்ந்தது. 1979-ல் ஈரோடு பிரிந்தது (அப்போது பெரியார் மாவட்டம் என்று பேர்). 2009-ல் கோவையில் கொஞ்சம், ஈரோட்டில் கொஞ்சம் எடுத்துத் திருப்பூர் மாவட்டம். தாராபுரத்துக்காரர் ஒருவர் வீடு மாறாமலே முப்பது வருசத்தில் மூன்று மாவட்டத்தில் குடியிருந்திருக்கிறார். இந்தத் திருப்பூர் மாவட்டமும் எல்லை மாவட்டம்தான். உடுமலையில் இருந்து மூணாறு ரோட்டில் போனால் சின்னாறில் கேரளா வந்துவிடும். அந்தப் பக்கம் இடுக்கி.

தண்ணீர்க் கணக்கும் எல்லை பார்ப்பதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் இல்லை என்றால் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கயம் வட்டாரத்தில் பல வாய்க்காலில் தண்ணீர் கிடையாது. பரம்பிக்குளம் அணை இருப்பது கேரளக் காட்டுக்குள். 1970-ல் இரண்டு மாநிலமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தால்தான் அந்தத் தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது. தண்ணீருக்கு "வந்தேறி" என்று யாரும் பேர் வைத்ததாகத் தெரியவில்லை.

2021 ஜூலையில் ஒன்றிய அமைச்சராகப் பதவி ஏற்ற எல்.முருகனின் அறிமுகக் குறிப்பில் "கொங்குநாடு" என்று ஊர் போட்டிருந்தார்கள். உடனே தனி மாநிலம் வருமா, வராதா என்று ஒரு மாசம் டிவியில் சண்டை. வேண்டும் என்றவர்களும் சரி, வேண்டாம் என்றவர்களும் சரி, கொங்கு என்றால் ஒரே அச்சில் வார்த்த ஜனம் என்கிற மாதிரியே பேசினார்கள். அங்கே இருக்கிறவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை.

வீட்டுக்குள் என்ன பாஷை?

சரி, எண்ணிப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி கோவை மாவட்டத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் பத்தில் ஏழு பேர் அளவுக்குத்தான். அடுத்த இடம் தெலுங்கு. பிறகு மலையாளமும் கன்னடமும். திருப்பூரிலும் தமிழுக்கு அடுத்தது தெலுங்குதான். இந்த வீடுகளில் பெரும்பாலானவை நானூறு ஐநூறு வருசமாக இங்கேயே இருப்பவை. நாயுடு வீட்டுத் தோட்டத்திலும் தெலுங்கு, அந்தத் தோட்டத்தில் வேலை செய்யும் அருந்ததியர் குடிசையிலும் தெலுங்கு. தறி நெய்யும் தேவாங்கர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ. ஒக்கலிகர் வீட்டில் கன்னடம். தெருவுக்கு வந்தால் எல்லாருக்கும் கொங்குத் தமிழ். "ஏனுங்" போடுகிற அழகில் யார் வீட்டில் என்ன பாஷை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஈரோட்டில் பிறந்த பெரியாரின் வீட்டு மொழி கன்னடம். கோயமுத்தூரை இயந்திர ஊராக்கிய ஜி.டி.நாயுடுவின் வீட்டு மொழி தெலுங்கு. இவர்கள் பேரைத் தூக்கிவிட்டுக் கொங்கு வரலாறு எழுத முடியுமா?

திருப்பூரின் பேரோடே ஒட்டிக்கொண்டவர் கொடி காத்த குமரன். 1932 ஜனவரியில் கொடியோடு ஊர்வலம் போய், போலீஸ் அடித்த அடியில் உயிர் விட்டவர். அவர் பிறந்தது திருப்பூரில் இல்லை, சென்னிமலையில். நெசவுக் குடும்பம். பிழைப்புக்காகத் திருப்பூர் மில்லுக்கு வந்தவர். வேலை தேடி வந்த ஒரு வெளியூர்த் தொழிலாளிதான் ஊருக்கே அடையாளம். அவருக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் நினைவகம் கட்டி வைத்துவிட்டு, அதே ஸ்டேஷனில் வந்து இறங்குகிறவனைப் பார்த்து முகம் சுளிப்பது என்ன நியாயம்?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. கலந்து வாழ்ந்தார்கள் என்றால் சமமாக வாழ்ந்தார்கள் என்று அர்த்தம் இல்லை. நூற்றாண்டுக் கணக்காக இங்கேயே இருக்கும் அருந்ததியருக்கு டீக்கடையில் தனி டம்ளர் வைத்த ஊர்கள் இந்தக் கொங்கில்தான் இருந்தன. 2009-ல் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகுதான் அவர்களில் பலர் வீட்டுப் பிள்ளைகள் காலேஜ் வாசலை மிதித்தார்கள். ஆக, எத்தனை தலைமுறை இருந்தாலும் "உள்ளூர்க்காரன்" என்கிற அந்தஸ்து எல்லாருக்கும் கொடுக்கப்படுவதில்லை. அது சாதியையும் நிலத்தையும் பார்த்துத்தான் கிடைக்கிறது. "மண்ணின் மைந்தன்" பேச்சின் உள்ளே இருக்கிற சங்கதி இதுதான். மண் யார் பேரில் பட்டாவாக இருக்கிறதோ அவன் மைந்தன். மற்றவன் வேலையாள்.

பனியனே வெளியூர்ச் சரக்கு

திருப்பூர் பருத்தி ஊர். ஜின்னிங் இருந்தது, பஞ்சு மார்க்கெட் இருந்தது. பனியன் மிஷின் வந்தது 1920, 30-களில்தான். அந்தக் காலத்தில் பனியனுக்குப் பேர் போன ஊர் கல்கத்தா. அங்கே பார்த்து, அங்கே கற்று, இங்கே கொண்டு வந்தார்கள். அப்புறம் 1970-களின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் வந்து ஆர்டர் கொடுத்தார்கள், ஏற்றுமதி சூடு பிடித்தது. பஞ்சு வடக்கே இருந்தும் வருகிறது. மிஷின் தைவானிலும் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இருந்து. ஆர்டர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்து. 2024-25-ல் ஏற்றுமதி ஏறக்குறைய 40 ஆயிரம் கோடி ரூபாய். இதில் எந்தச் சரக்குக்கும் மண்ணின் மைந்தன் சர்டிபிகேட் கேட்கவில்லை. தைக்கிற கைக்கு மட்டும் கேட்கிறார்கள்.

1961-ல் திருப்பூர் ஜனத்தொகை சுமார் 80 ஆயிரம். 2011-ல் நகராட்சி எல்லைக்குள் நாலரை லட்சம், சுற்றுப்பட்டு சேர்த்து ஒன்பதரை லட்சத்துக்கும் மேலே. ஐம்பது வருசத்தில் இத்தனை பேர் உள்ளூரிலேயே பிறந்துவிட முடியாது. 80-களிலும் 90-களிலும் வந்தவர்கள் யார்? தேனி, திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி. மழை பொய்த்தவர்கள், தறி நின்றவர்கள், சாதிச் சண்டையில் ஊரை விட்டவர்கள். அப்போது "தெக்கத்திக்காரனுக வந்து ஊரைக் கெடுத்துட்டானுக" என்று புலம்பினார்கள். வீடு வாடகைக்குக் கேட்டால் எந்த ஊர், என்ன ஆளுக என்று விசாரித்தார்கள். இன்றைக்குப் பீகார்க்காரனைப் பற்றிச் சொல்லும் வசனம் அத்தனையும் அன்றைக்குத் தென்மாவட்டத்துக்காரனுக்குச் சொன்னதுதான். அழுக்கு, அடிதடி, தண்ணி, திருட்டு. ஊர்ப் பேரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். இதில் பெரிய வேடிக்கை, அன்றைக்கு அந்தப் பேச்சு வாங்கினவர்களின் பிள்ளைகளே இன்றைக்கு அதே வசனத்தை அடுத்தவனுக்குத் திருப்பிச் சொல்வது.

கூட்டி வந்தது யார்?

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வரலாம். "அவனுக வந்ததால்தான் கூலி குறைந்தது" என்பது அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. பாதி உண்மை இதில் இருக்கிறது. அதனால்தான் இது ஆபத்தானது.

1984-ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 127 நாள்! அடுப்பெரியாத வீட்டில் உட்கார்ந்து நடத்திய போராட்டம். அதற்கப்புறம் முதலாளிகள் பாடம் கற்றுக்கொண்டார்கள். ஒரே கூரைக்குக் கீழே நிறைய ஆள் இருந்தால் சங்கம் வரும். அதனால் வேலையைப் பிரி. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், தையலுக்குப் பவர் டேபிள், காஜா பட்டனுக்கு ஒரு ஆள், செக்கிங்குக்கு ஒரு காண்ட்ராக்டர். மாதச் சம்பளம் போய் பீஸ் ரேட்டும் ஷிஃப்ட் ரேட்டும் வந்தன. எட்டு மணி நேரம் என்பது பேச்சுக்குத்தான். "ஒன்றரை ஷிஃப்ட்" என்றால் திருப்பூரில் சின்னப் பையனுக்கும் தெரியும், பன்னிரண்டு மணி நேரம்.

இத்தனையும் நடந்து முடிந்தபோது பீகார்க்காரன் திருப்பூரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அப்போது அந்தக் கூலிக்கு வேலை செய்தவர்கள் தமிழர்கள். நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்று பேர் வைத்து, மூன்று வருசம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, தென்மாவட்டத்துப் பெண் பிள்ளைகளை ஹாஸ்டலுக்குள் பூட்டி வேலை வாங்கினார்களே, அந்தப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகள்தான். சுரண்டலுக்கு இந்தி தெரிய வேண்டும் என்று அவசியம் இல்லை.

வடமாநிலத்தவர் பெரிய அளவில் வந்தது அதற்குப் பிறகு. சும்மா வரவில்லை, கூட்டி வந்தார்கள். கம்பெனி வாசலுக்கு வாசல் "சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை" என்று போர்டு தொங்கிக்கொண்டே இருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். தென்மாவட்டத்தில் நூறு நாள் வேலையும் ரேஷன் அரிசியும் வந்த பிறகு ஊரை விட்டுக் கிளம்ப வேண்டிய கட்டாயம் குறைந்தது. அப்போது ஏஜெண்ட் வைத்து ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், அசாம் என்று ஆள் பிடித்தார்கள். கம்பெனி ரூமில் தங்குவான். கூப்பிட்ட நேரத்துக்கு வருவான். பாஷை தெரியாததால் சங்கத்துக்குப் போகமாட்டான். ஊரில் ஓட்டு இல்லாததால் கவுன்சிலர்கூட அவனுக்காகப் பேசமாட்டார். முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

அக்கவுண்ட்ஸ் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வந்தவனின் உழைப்பு கம்பெனி வரவில் ஏறுகிறது. அவன் தங்குகிற இடம், அவன் பிள்ளையின் பள்ளிக்கூடம், அவன் தெருவின் சாக்கடை எல்லாம் யார் கணக்கிலும் ஏறாமல் தெருவில் கிடக்கிறது. தெருவில் நெரிசலைப் பார்க்கும் உள்ளூர்க்காரன் அவன் மேல் எரிந்து விழுகிறான். லாபம் ஒருத்தருக்கு, கோபம் இன்னொருத்தர் மேல். "வந்தேறி" என்கிற சொல் இந்தக் கணக்கை மறைக்கும் திரை.

2020-ல் திரை கொஞ்சம் விலகியது. ஊரடங்கில் கம்பெனிகள் மூடின, கையில் காசு தீர்ந்தது, மே மாசம் சிறப்பு ரயில்களில் ஆயிரக்கணக்கில் கிளம்பிப் போனார்கள். "போய்த் தொலைந்தார்கள்" என்று சந்தோசப்பட்டவர்கள் உண்டு. கம்பெனி திறந்ததும் ஆர்டரை முடிக்க ஆள் இல்லை. பிறகு பஸ் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் முதலில் ஷிஃப்ட் குறைந்தது இவர்களுக்குத்தான். நல்ல காலத்தில் பங்கு இல்லை, கெட்ட காலத்தில் முதல் அடி.

சொல்லப்படும் மற்ற காரணங்கள்

"அவனுக கூட்டமாக இருந்து அடிக்கிறானுக" என்பார்கள். 2023 ஜனவரியில் திருப்பூரில் டீக்கடைத் தகராறு ஒன்றில் வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர்க்காரர்களை விரட்டும் வீடியோ ஒன்று ஊரெல்லாம் சுற்றியது. தப்பு செய்தவர்களைப் போலீஸ் பிடித்தது. அது சரி. அடுத்த இரண்டு மாசத்தில் நேர் எதிர்க் கதை கிளம்பியது. தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று வேறு எங்கோ நடந்த சண்டைகளின் வீடியோக்களைத் தலைப்பு மாற்றிப் பீகாரில் பரப்பினார்கள். பொய் என்று தமிழ்நாடு போலீஸ் அறிவித்தது, பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது. பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்று நேரில் வந்து பார்த்தது. அதற்குள் பயந்துபோன ஜனம் மூட்டை முடிச்சோடு ஸ்டேஷனில் நின்றது. முதல் வீடியோவை வைத்து இங்கே வெறுப்பு வளர்த்தவர்களும், இரண்டாவது வீடியோக்களை வைத்து அங்கே வெறுப்பு வளர்த்தவர்களும் செய்தது ஒரே தொழில். ஏமாந்தது இரண்டு பக்கத்துத் தொழிலாளியும்.

"தமிழ் அழிந்துவிடும்" என்பார்கள். ஐநூறு வருசமாகத் தெலுங்கும் கன்னடமும் கூடவே இருந்து அழியாத தமிழ், ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும் ஒடியாப் பையனால் அழியுமா? தமிழ் தளர்ந்தால் அதற்குக் காரணம் தமிழே இல்லாத ஸ்கூலில் பீஸ் கட்டிச் சேர்க்கும் உள்ளூர் அப்பாக்கள்தான். அந்த ஒடியாப் பையனின் தங்கை மாநகராட்சிப் பள்ளியில் அ, ஆ எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"ஓட்டுரிமை கொடுத்தால் ஊரே கை மாறிவிடும்" என்பார்கள். 2025-ல் பீகாரில் வாக்காளர் பட்டியல் திருத்தம் நடந்தபோது இந்தப் பயம் தமிழ்நாட்டில் பெரிய அரசியலாகவே ஆனது. பட்டியலில் மோசடி நடந்தால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் 1950-ம் வருச மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்வது எளிது. எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறாரோ அங்கே ஓட்டு. சென்னைக்குப் போன திருப்பூர்க்காரர் சென்னையில் ஓட்டுப் போடுகிறார். பெங்களூரில், மும்பையில் தமிழர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். 1960-களில் மும்பையில் "மதராசிகளே வெளியேறு" என்று சிவசேனை அடித்தபோது தமிழ்நாடு கொதித்தது நியாயம் என்றால், அதே நியாயம் இங்கேயும் செல்ல வேண்டாமா?

செய்ய வேண்டியது

முதல் வேலை, எண்ணுவது. 2011-க்குப் பிறகு ஜனத்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். அதில் பவர் டேபிள் மாடி ரூமில் எட்டுப் பேராகப் படுத்திருப்பவர்களையும் தவறாமல் எண்ண வேண்டும். எண்ணாத ஆளுக்குத் தண்ணீர் லாரி வராது, ஆஸ்பத்திரிப் படுக்கை வராது.

இரண்டாவது, சட்டம். 1979-ல் வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று வந்த சட்டம் ஐந்து பேர் இருந்தாலே கணக்குக் கேட்டது. இடப்பெயர்வுப் படியும் கேட்டது. அதை யாரும் ஒழுங்காக நடத்தவில்லை என்பது வேறு கதை. 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அந்தச் சட்டம் அவற்றில் ஒன்றுக்குள் கரைந்தது. ஏஜெண்ட் இல்லாமல் தானாக வேலை தேடி வந்தவரும் இப்போது கணக்கில் வருகிறார், அது நல்லது. ஆனால் ஐந்து என்பது பத்தாகிவிட்டது, இடப்பெயர்வுப் படியும் இல்லை. திருப்பூரின் சந்து பொந்தில் ஏழு எட்டுப் பேரை வைத்து ஓட்டும் பவர் டேபிள்கள் அத்தனையும் வலைக்கு வெளியே. ஊரின் தொழில் அமைப்பையே தெரியாமல் போட்ட எண் இது. மாநில அரசும் சங்கங்களும் சண்டை போட வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, கூலி. முதலாளிச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில வருசத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுகின்றன. அந்த ஒப்பந்தக் கூலி ராஞ்சியில் இருந்து வந்தவனுக்கும் ராசிபுரத்தில் இருந்து வந்தவனுக்கும் ஒன்றாகக் கிடைக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? கிடைத்தால் "கூலியைக் குறைக்க வந்தவன்" என்கிற பேச்சு அன்றைக்கே செத்துவிடும். குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்காதபோது வந்தவனைக் காட்டி இருப்பவனை மிரட்டவும் முடியாது. உள்ளூர்த் தொழிலாளிக்கு உண்மையான பாதுகாப்பு பீகார்க்காரனை விரட்டுவதில் இல்லை, பீகார்க்காரனுக்கும் முழுக்கூலி வாங்கிக் கொடுப்பதில்தான் இருக்கிறது. அதற்குச் சங்கங்கள் இந்தியிலும் ஒடியாவிலும் நோட்டீஸ் அடிக்கப் பழக வேண்டும். 127 நாள் தாக்குப் பிடித்த ஊருக்கு ஒரு நோட்டீஸ் அடிப்பது பெரிய வேலையா என்ன?

வந்தவர்கள் எல்லாரும் தங்கிவிடுவார்களா, தெரியாது. சிலர் போவார்கள், சிலர் இருப்பார்கள். இருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் "ஏனுங்" என்று பேசுவார்கள், வீட்டுக்குள் மட்டும் போஜ்புரி பேசுவார்கள். தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் இங்கே நடந்ததுதான் அதற்கும் நடக்கும். அந்தப் பிள்ளைகள் வளரும்போது அவர்களை முழுக்கூலியோடும் ஓட்டோடும் ஊருக்குள் சேர்த்துக்கொள்வதா, அருந்ததியருக்குச் செய்த மாதிரி நூற்றாண்டுக் கணக்கில் வாசலிலேயே நிறுத்தி வைப்பதா என்பதுதான் கொங்கு மண் இப்போது முடிவு செய்ய வேண்டியது. கணவாயை அடைக்கிற யோசனை எதுவும் யாரிடமும் இல்லை, அது ஆகிற காரியமும் இல்லை.